வளைந்த ஈட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

மேசைமேல் மினியேச்சர் வைத்து விளையாடும் நண்பர்களுக்கு,

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். குப்பைக்கூடையில், காலி சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடியில், ஒரு ஈட்டிக்காரன் கிடந்தான். ஈட்டி அறுவடை அரிவாள்போல வளைந்திருந்தது. இடது கணுக்கால் மடங்கி, காற்றில் சாயும் தென்னைபோல ஒரு பக்கம் சரிந்திருந்தான். ஆனால் எங்கும் உடைசல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. யார் போட்டது என்று கேட்க இதை எழுதவில்லை. அவனைக் கழுவி, ஒரு கிண்ணம் தண்ணீர் சுடவைத்து, ஐந்து நிமிடத்தில் நிமிர்த்திவிட்டேன். இந்த மடலை எழுதும்போது என் மேசை விளக்கின் கீழே நேராக நிற்கிறான்.

நம்மில் பலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து, கப்பலில் வரும் பெட்டிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அதைத் திறந்ததும் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். வாள் வளைந்திருக்கும், வேல் நெளிந்திருக்கும், நாகத்தின் வால் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே சிலர் விரலால் அழுத்தி நேராக்கப் பார்ப்பார்கள். அது நேராவதுபோல இருந்து, கையை எடுத்ததும் பழையபடி வளையும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அதற்கும் மேல் போனால் ஒடியும். வேறு சிலர் குறைபாடுள்ள பொருள் என்று முடிவுகட்டி, மாற்றுப் பொருள் கேட்டு எழுதுவார்கள். நானும் ஒருமுறை அப்படி எழுதி, பதிலுக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்த வேலை.

வளைந்த பிளாஸ்டிக் உடைந்த பிளாஸ்டிக் அல்ல. தவறான நிலையில் குளிர்ந்துபோன பிளாஸ்டிக், அவ்வளவுதான். அதை மறுபடி சூடாக்கி, சரியான நிலையில் பிடித்து, மறுபடி குளிரவைத்தால் கதை முடிந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கப்போகிறேன்.

விளையாட்டுப் பெட்டிகளில் ஒட்டும் வேலையில்லாமல், ஒரே துண்டாக வரும் உருவங்களில் பெரும்பாலானவை பிவிசி வகைப் பிளாஸ்டிக். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, பொம்மை கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது என்றால், பொம்மையில் மென்மையாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிவிசியை இப்படி இளக்க முடியும் என்று 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலைபார்த்த வால்டோ செமன் கண்டுபிடித்தார். நம் மழைக்கோட்டிலிருந்து மினியேச்சர் வரை எல்லாம் அதன் பிறகு வந்தவை. உற்பத்தியாளர்கள் இந்த இளகிய பிவிசியை விரும்பக் காரணம் உண்டு. மடித்த கை, விரிந்த அங்கி, அக்குளுக்குள் போகும் கேடயம் என்று சிக்கலான உருவத்தை எஃகு அச்சிலிருந்து உருவும்போது அது வளைந்துகொடுத்து வெளியே வரும். கீழே விழுந்தாலும் சட்டென்று ஒடியாது.

வளைந்துகொடுத்து வெளியே வருவதில்தான் சிக்கலும் இருக்கிறது. அச்சிலிருந்து எடுக்கும்போது உள்சூடு இன்னும் ஆறியிருக்காது. அந்த இளஞ்சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டியில் விழுந்தால், அடியில் கிடப்பவனின் ஈட்டி மேலே கிடப்பவனின் எடையில் வளைந்து, வளைந்தபடியே குளிர்ந்துவிடும். அதைத் தாண்டி நேராக வந்தவனும் தப்பித்தான் என்று சொல்ல முடியாது. பெட்டித் தட்டின் குழி கொஞ்சம் குறுகலாக இருந்தால், வெயிலில் கொதிக்கும் கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் கிடக்கும்போது மெல்ல மெல்ல வளைவான்.

இந்த இரண்டு வகை வளைவுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அதை வெந்நீர் காட்டிக்கொடுக்கும்.

பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். குளிர்ந்த நிலையில் அவை ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும், நகர இடமிருக்காது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் சங்கிலிகளுக்கு அசையச் சக்தி வரும். பொருள் உருகாது, ஆனால் இளகும். விறைப்பான பிவிசிக்கு அந்த எல்லை ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ். மென்மையாக்கி கலந்தால் அது இன்னும் கீழே இறங்கும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. ஆகவே அடுப்பில் கொதித்த தண்ணீரே நமக்குப் போதும். ஊட்டியில் இருக்கும் நண்பர்களுக்குத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் தாராளம்.

இப்போது அந்த வித்தியாசம். நேராக வார்க்கப்பட்டு, நேராகவே ஆறி, பிறகு அழுத்தத்தால் வளைந்த வாளை வெந்நீரில் விட்டுப் பாருங்கள். யாரும் தொடாமலே அது மெல்ல நிமிரும். உள்ளே இருக்கும் சங்கிலிகள் தாம் வார்க்கப்பட்ட நிலைக்குத் திரும்புகின்றன. முதன்முதலில் அதைப் பார்த்தபோது கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தொட்டாற்சிணுங்கி இலை விரிவதைப்போல, தண்ணீருக்கடியில் ஒரு சின்ன வாள் தன் பழைய வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. என் பத்து வயது மகள் அதைத் திரும்பச் செய்யச் சொல்லி மூன்று முறை வளைக்கவைத்தாள். ஆனால் அச்சிலிருந்து எடுத்த சூட்டிலேயே வளைந்து ஆறியது அப்படித் திரும்பாது. அதன் பிறவி வடிவமே அந்த வளைவுதான். அதை நம் கையால்தான் நேராக்க வேண்டும்.

ஆகவே அவசரப்படாமல், முதலில் தண்ணீரைத் தன் வேலையைச் செய்யவிடுங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், அதில் மறுபடி சமைக்க வேண்டாம். மென்மையாக்கிகளில் சில வகை உடலுக்கு நல்லதல்ல என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் அவற்றைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை மேடையில் இறக்கிக்கொள்ளுங்கள். கொதித்துக்கொண்டே இருக்கும் தண்ணீருக்குள் பொம்மையைப் போட்டால் அது தளும்பி, பாத்திரத்தின் அடியில் மோதிப் புது வளைவு வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் தயாராக இருக்கட்டும். சென்னையில் மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குளிர்ந்த நீர் ஆகாது. அது குழாயில் வரும்போதே கையைச் சுடும். நாலைந்து ஐஸ் கட்டி போடுங்கள். ஐஸ் இல்லையென்றால் மண்பானைத் தண்ணீர் போதும்.

உருவத்தை டீ வடிகட்டியில் வைத்து இறக்குவது என் வழக்கம். வாள், ஈட்டி, கொம்பு போன்ற மெல்லிய பகுதிக்குப் பத்துப் பதினைந்து விநாடியே அதிகம். தடித்த கால், இடுப்பு, வால் என்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். வெளியே எடுத்து, மெல்லிய பகுதியை இரண்டு தட்டையான அளவுகோலுக்கு நடுவில் வைத்து நேராகப் பிடியுங்கள். விரலில் சூடு தாங்காவிட்டால் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். பிடித்த பிடியை விடாமல் அப்படியே குளிர்ந்த நீருக்குள் கொண்டுபோங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நேராக்கிவிட்டு, விட்டுவிட்டு, பிறகு தண்ணீரில் போடுகிறார்கள். அந்த இரண்டு விநாடி இடைவெளியிலேயே ஈட்டி பாதி வளைந்திருக்கும். கையும் பொம்மையும் சேர்ந்தே தண்ணீருக்குள் போக வேண்டும், சேர்ந்தே உள்ளே இருக்க வேண்டும். மெல்லியதற்கு இருபது விநாடி, தடித்ததற்கு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். தடித்த பகுதியில் மேற்புறம் ஜில்லென்று ஆனாலும் நடுவில் சூடு தங்கியிருக்கும். வெளியே எடுத்த பிறகு அந்த உள்சூடு மேற்புறத்தையும் இளக்கி, நம் வேலையைக் கெடுத்துவிடும்.

கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குவதை நினைத்துக்கொண்டு, இதையும் அப்படிக் கருதுபவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. எஃகைத் தோய்க்கும்போது அதன் உள்ளமைப்பே மாறிக் கடினமாகிறது. பிவிசியைக் குளிர்விக்கும்போது அது கூடுதல் வலிமை எதையும் பெறுவதில்லை. அசைய முடிந்த சங்கிலிகளை அசைய முடியாமல் நிறுத்துகிறோம், அவ்வளவே. குளிர்நீர் இல்லாமல் காற்றிலேயே ஆறவிட்டாலும் வடிவம் நிற்கும், ஐந்து நிமிடம் கை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால். யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? ஆகவேதான் குளிர்நீர்.

ஒருமுறையில் சரியாகவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். இரண்டாம் முறை நேர்க்கோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இம்மியளவு வளைத்துக் குளிரவையுங்கள். அது பின்வாங்கும்போது நேராக நிற்கும். கோணலாகி ஆடும் அடித்தட்டு என்றால், தட்டை மட்டும் வெந்நீரில் காட்டி எடுத்து, சமையலறையின் கடப்பாக்கல் மேடையில் அழுத்திப் பிடியுங்கள். கல்லே சூட்டை இழுத்துக்கொள்ளும். தட்டை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் விட்டுக்கொண்டால் பதற வேண்டாம். சூப்பர் க்ளூ சூட்டில் வலுவிழக்கும் இயல்புடையது. ஆறிய பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் தீட்டிய வண்ணம் பொதுவாக இந்தச் சூட்டைத் தாங்கும். நாமே தீட்டியது என்றால், தீட்டுவதற்கு முன்பே நிமிர்த்திவிடுவதுதான் சரி.

எல்லா மினியேச்சரும் பிவிசி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, நாமே ஒட்டிச் சேர்க்கும் விறைப்பான வகை பாலிஸ்டைரீன். அது இளகத் தொடங்குவதே ஏறக்குறைய 100 டிகிரியில். வெந்நீர் அதற்குப் போதாது, வலிந்து வளைத்தால் படாரென்று ஒடியும். அதை வெட்டி ஒட்டுவதே வழி. பழைய பிரிட்டிஷ் பெட்டிகளில் வந்த ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்கள் பாலித்தீன். அது அறைவெப்பத்திலேயே நெகிழ்வானது, பிடிவாதமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பலமுறை முயன்றால் கொஞ்சம் இணங்கும். ஈய, வெள்ளீயக் கலவையில் வார்த்த உருவங்களுக்கு வெந்நீரால் பயனில்லை. நம் ஊரில் இப்போது பலர் முப்பரிமாண அச்சியந்திரத்தில் பிஎல்ஏ இழையால் அச்சடித்துக்கொள்கிறார்கள். அது 60 டிகிரியிலேயே இளகும், கொதிநீர் அதற்கு அதிகம். வெயிலில் நிறுத்திய காருக்குள் பிஎல்ஏ உருவங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வெயிலே வெந்நீரின் வேலையைச் செய்துவிடும்.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் தாத்தா விதைநெல் தேர்ந்தெடுத்த முறைதான் கைகொடுக்கிறது. உப்புக் கரைத்த நீரில் முட்டை மிதக்கும் வரை உப்பைக் கூட்டி, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி மூழ்கும். தட்டு கழன்ற உருவத்தையோ, வெட்டி எறிந்த சிறு துண்டையோ முதலில் சாதாரண நீரில் போடுங்கள். மிதந்தால் பாலித்தீன். மூழ்கினால், உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கெட்டியாக்கிய உப்புநீரில் போடுங்கள். அதில் மிதந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதிலும் மூழ்கினால் பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே அச்சடித்த பிஎல்ஏவும் மூழ்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளை விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பொய் சொல்லும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெழுகுவத்தி, லைட்டர், கேஸ் அடுப்பின் சுடர் எதையும் பிவிசியிடம் கொண்டுபோகாதீர்கள். நெருப்பில் அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. மைக்ரோவேவ் அடுப்பும் வேண்டாம். சிறுவர்கள் செய்வதானால் வெந்நீர்ப் பக்கம் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். குளிர்நீர்க் கிண்ணத்தை அவர்களிடம் கொடுங்கள். என் மகள் அந்தப் பதவியில்தான் இருக்கிறாள்.

நிமிர்த்தத் தெரிந்துவிட்டால், அதற்கு அடுத்த படி தானாக வரும். எட்டுப் பூதங்கள் ஒரே அச்சில், ஒரே மாதிரி கையை ஓங்கிக்கொண்டு வருகின்றன. வெந்நீரில் ஒருவனின் கையைத் தாழ்த்துங்கள், இன்னொருவனின் இடுப்பைத் திருப்புங்கள், மூன்றாமவனின் தலையைப் பின்பக்கம் சாயுங்கள். எட்டும் எட்டு ஆள்களாகிவிடும். மேசையில் யார் எவன் என்று குழம்பாமல் ஆடலாம். 1960களில் பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்களை வைத்து ஆடியவர்கள் கத்தியாலும் சூடேற்றிய ஊசியாலும் இதைத்தான் செய்தார்கள்; ஒரு போரின் வீரர்களை இன்னொரு போருக்கு மாற்றினார்கள்.

கிடைத்ததைக் கொண்டு ஆடியவர் இன்னொருவரும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை 1974இல் டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து வெளியிட்ட கேரி கைகேக்ஸ், மலிவுக் கடையில் ஹாங்காங் பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளை வாங்கிவந்து மேசையில் வைத்தார். எந்த விலங்கு என்றே சொல்ல முடியாத அந்த விநோத உருவங்களுக்கு அவர் வைத்த பெயர்களும் குணங்களும்தான் பின்னாளில் துருப்பூதமாகவும் ஆந்தைக்கரடியாகவும் புகழ்பெற்றன. இன்று நாம் பயந்து ஓடும் அந்த அரக்கர்கள் சில்லறைக் காசுக்கு விற்ற பொம்மைகளிலிருந்து பிறந்தவர்கள். இந்தப் பொழுதுபோக்கின் வேர் கையில் கிடைத்ததை வைத்து ஆடுவதில் இருக்கிறது. பெட்டி விலை ஏற ஏற நாம் அதை மறந்து, பழுதில்லாமல் வந்தால்தான் பொருள் என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம்.

குப்பைக்குப் போகும் பிவிசி என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் தெருமுனைகளில் குப்பையை இன்னும் எரிக்கிறார்கள். பிவிசி எரியும்போது வரும் புகையில் டயாக்சின் உண்டாகும். ஒரு சின்ன ஈட்டிக்காரனால் ஊர் கெட்டுவிடாது என்று சொல்லலாம். ஆனால் அவனைக் குப்பையில் போட எந்தக் காரணமும் இல்லாதபோது, ஏன் போட வேண்டும்? அவன் கெட்டுப்போகவில்லை. யாரோ அவனை வளைந்த நிலையில் குளிரவிட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அலமாரியில், பெட்டியின் அடியில், வளைந்ததால் ஆட்டத்துக்கு எடுக்காமல் ஒதுக்கிவைத்தவை எத்தனையோ இருக்கும். வரும் ஞாயிறு அவற்றை எடுத்துவாருங்கள். ஒடிந்தவை இருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள், பசையும் கத்தியும் இருக்கின்றன. தண்ணீரை நான் சுடவைக்கிறேன். ஐஸ் கட்டி மட்டும் யாராவது கூடுதலாகக் கொண்டுவந்தால் போதும். குப்பைக்கூடையில் கிடைத்த ஈட்டிக்காரனை அன்றைக்கு உரியவர் வாங்கிக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
உங்கள் மேசைத் தோழன்